தூதரகத்தை மூடாதீர்கள்

புதுச்சேரியில் இருக்கும் அந்த வெளிநாட்டுத் தூதரகத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா இளவயதில் அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிறகு நெய்வேலி மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் போனபின் பட்டாளத்துப் பென்ஷன் அம்மாவுக்கு வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை தூதரகத்துக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று அம்மா முகம் காட்ட வேண்டும்.

அந்தப் பயணங்களை நினைத்தாலே இனிக்கிறது. அம்மா விடியுமுன்னே குளித்து, பட்டுப்புடவை கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். வடலூர் தாண்டுவதற்குள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். கடலூரில் இறங்கி வேறு பஸ்.

"பென்ஷனுக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று சீண்டுவேன்.

"உனக்கு என்னாடி தெரியும்" என்பாள். அதெல்லாம் எவ்வளவு நல்ல நாட்கள்.

"மூடினா என்ன அத்தை, போன்லயே முகத்தைக் காட்டினா போதுமாம்" என்றார் என் கணவர். அம்மா அன்று சாப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் அந்த நாட்டு அரசுக்கே மனு அனுப்புவது என்று முடிவு செய்தோம். கணவர் தொழிற்சங்கத்தில் ஊறியவர். ஷிப்ட் முடிந்து வந்து அவர் எழுதிய மனு, "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று தொடங்கி, "தவறினால் போராட்டம் வெடிக்கும்" என்று முடிந்தது.

"எந்த கேட்டு முன்னால போய் தர்ணா உக்காரப் போறீங்க?" என்று பேப்பரைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாவிடம் திரும்பி, "அங்க போறதுல உனக்கு ஏம்மா அவ்ளோ ஆசை? அதை எழுதினாத்தான் படிக்கிறவனுக்கு மனசு இரங்கும்" என்றேன்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள்.

"அங்க மைக்குல உங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்புடுறாங்க. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நான் அந்தப் பேரைச் சொன்னதில்ல. உங்களுக்கு அவரு அப்பா. பேரு சொல்லிக் கூப்புட்டவங்க எல்லாம் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கினு போயிட்டாங்க. வேற எங்க போயி நான் அதைக் கேக்குறது?"

மனுவைப் புதிதாக எழுதினேன். அப்பாவின் முழுப்பெயரைப் போட்டு, அவருடைய மனைவியாகிய நான் என்று தொடங்கி, கடைசிவரை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"சரியா இருக்காம்மா?"

"முதல் வரிய மட்டும் இன்னொரு தடவ படி" என்றாள்.