இருட்டுக் குப்பத்தில் ஒரு விளக்கு

ஓர் உத்தரவை ஓர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், அதன் தேவை தீர்ந்த பிறகு மறுபடியும் அங்கே போய் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டுமா? முப்பது வயது வரை எனக்கு இப்படியொரு கேள்வி எழுந்ததில்லை. 1953ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இரண்டு மைல் தொலைவிலுள்ள ஒரு மீனவர் குப்பத்தில் நான் கழித்த மாலைப் பொழுதுதான் அதை எழுப்பியது. குப்பத்தின் பெயரை எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க யாரும் அங்கே போக வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு எழும்பூரில் ரயிலேறினேன். செங்கற்பட்டுக்கு முப்பத்தைந்து மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் பதினைந்து அணா. நான் உறுப்பினனாக உள்ள முதியோர் கல்விச் சங்கம் அந்தக் குப்பத்தில் மாலை வகுப்பு நடத்த எண்ணியிருந்தது. இடம் பார்த்துவர என்னை அனுப்பியதற்கு ஒரு காரணம் உண்டு: நான் முன்பே அங்கே போனவன். பதினொரு ஆண்டுகளுக்கு முன், கடல்வழியாக யுத்தம் வந்துவிடும் என்று சென்னை நகரமே அஞ்சிக்கொண்டிருந்தபோது, கல்லூரி மாணவனாக ஒரு தொண்டர் குழுவில் சேர்ந்திருந்தேன். தகரத்தைத் தட்டிக்கொண்டு கடலோரக் குப்பங்கள்தோறும் போய், "பொழுது சாய்ந்தபின் கடல் பக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது" என்று கூவினோம். அதன்பின் தேர்வு வந்தது, வேலை வந்தது. குப்பங்களை மறந்தேன்.

செங்கற்பட்டில் பத்து மணிக்குப் பஸ் கிடைத்தது. என் மடியில் சங்கம் கொடுத்த புதிய அரிக்கேன் விளக்கு இருந்தது. கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

"இன்னா சார், பட்டப்பகல்ல வெளக்கு எட்த்துகினு போறே? ஊரு கண்ணுக்குத் தெரியாதா?"

குப்பத்தின் பெயரைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"இருட்டுக் குப்பமா? அங்க வெளக்கு ஏத்த மாட்டானுங்க சார். எங்க மாமன் வூடு பக்கத்துக் குப்பம்தான். பொழுது போனா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

திருக்கழுக்குன்றத்தில் பஸ் கால்மணி நேரம் நின்றது. மாமல்லபுரத்தில் இறங்கியபோது பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. சோறு உண்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மணலில் தெற்கே நடந்தேன். கலங்கரை விளக்கம் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது.

நாலு மணிக்குக் குப்பத்தை அடைந்தேன். ஏறக்குறைய நாற்பது குடிசைகள். முதற்பார்வையில் என்ன குறை என்று பிடிபடவில்லை, பிறகுதான் கண்டேன். எல்லா வீடுகளும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றன. கிழக்குச் சுவரில் வாசலோ சன்னலோ ஒன்றுகூட இல்லை. ஓலை இடுக்குகளையும் களிமண் வைத்து அடைத்திருந்தார்கள். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர், கடலைப் பார்க்க ஒரு துவாரமும் வைத்துக்கொள்ளவில்லை.

நாட்டாண்மை தணிகாசலம் என்னை மரியாதையாகவே வரவேற்றார். அறுபதை நெருங்கியவர், யுத்தத்துக்கு முன்பே கடலுக்குப் போவதை விட்டுவிட்டவர். வகுப்பு என்றதும் தலையசைத்தவர், விளக்கைக் கண்டதும் அதை வாங்கி ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினார்.

"படிப்பு வரட்டும் சார். இது வாணாம்."

"யுத்தம் முடிந்து எட்டு வருஷம் ஆகிறதே, ஐயா!"

"அது தெரியும் சார். சண்ட முட்ஞ்சிச்சின்னு சேதி வந்துது. வெளக்கு வெக்கலாம்னு சேதி வரல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சண்ட முட்ஞ்ச வருசம் ஒருத்தன் சந்தோசத்துல தீவட்டி கொளுத்திக் கரையில நட்டான். அன்னிக்குக் கடலுக்குப் போன ரெண்டு பேரு வரல. மத்த குப்பத்துல வெளக்கு வெச்சிக்கினாங்க. நாங்க வெக்கல."

தீவட்டிக்கும் அந்த இருவர் திரும்பாததற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். தெரியாது என்றார். இதுவும் ஒரு மூடநம்பிக்கை என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆறரை மணிக்கு இருட்டிவிட்டது. மறுநாள் அமாவாசை. காற்று விழுந்துவிட்டதால் அன்று கட்டுமரங்கள் திரும்பத் தாமதமாயின. பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அலை தொடும் இடத்தில் வரிசையாக நின்றார்கள். என் கையை நீட்டினால் எனக்கே தெரியாத இருட்டு. வடக்கே கலங்கரை விளக்கம். தெற்கே அடுத்த குப்பத்தின் சில மினுக்கல்கள். நடுவில் நாங்கள் நின்ற இடம் மட்டும் உலகத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதுபோல் இருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து பெண்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆணின் பெயரை, ஒரே இழுப்பில், மூச்சு முடியும்வரை. முகங்கள் இல்லை, பெயர்கள் மட்டும் கடலுக்குள் போயின. சற்றைக்கெல்லாம் கடலிலிருந்து ஒரு சீழ்க்கை வரும். ஒரு பெயர் நிற்கும். ஒரு மரம் மணலில் உரசும்.

ஏழரை மணிக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சமிருந்தது: ஏகாம்பரம். அவர் நாட்டாண்மையின் தம்பி. கூப்பிட்டவர் அவர் மனைவி கன்னியம்மா. குரல் கம்மியபோதும் அவர் நிறுத்தவில்லை. வெகுநேரம் பதில் வராமற்போகவே, அவர் திரும்பி நாங்கள் நின்ற திசையில் பேசினார்.

"மாமா, அந்த வெளக்க ஏத்தச் சொல்லு."

"பைத்தியமா ஒனக்கு?"

"கூப்ட்டுப் பாத்தாச்சி. இன்னும் இன்னா கீது செய்ய?"

விளக்கு வைப்பதில் அபாயம் எதுவும் இல்லை, வைக்காததில்தான் அபாயம் என்று நான் சொன்னேன். முறையாக, காரணங்களோடு சொன்னேன். கன்னியம்மா நடுவில் மறித்தார்.

"இந்தக் குரலு... நீ அன்னிக்குத் தகரத்தத் தட்டிகினு வந்த ஆளுதான?"

ஆம் என்றேன். பிறகு தணிகாசலம் பேசினார்.

"அப்பிடின்னா சரி. மூடுன்னு சொன்னவன் நீ. தொறன்னும் நீயே சொல்லிடு சார்."

எனக்கு அதிகாரம் ஏது? அன்றும் இருந்ததில்லை. ஆயினும் சொன்னேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே வரிசையில் நடந்து, வாயில் கை குவித்து, "விளக்கு வைக்கலாம்! கடல் பக்கம் வைக்கலாம்!" என்று கூவினேன். என் குரல் அப்படியே பழைய குரலாக இருந்தது எனக்கே அச்சமாயிருந்தது. ஒரு கதவு திறந்தது. பிறகு மற்றவை. அகல்களும் சிம்னி விளக்குகளுமாக இருபதுக்கு மேல் கரைக்கு வந்தன. என் அரிக்கேனை ஒரு கழியில் உயரக் கட்டினோம். பதினொரு ஆண்டுகளாகத் தங்கள் கரையை இரவில் பார்த்திராதவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பெருமையாக இருந்தது.

கடலில் சீழ்க்கை கேட்டது. கன்னியம்மா கத்தினார்; கம்மிய குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. மறுபடி சீழ்க்கை, ஆனால் சற்று வடக்கே. அடுத்தது அதற்கும் வடக்கே, மெலிந்து.

"ஐயோ! தாண்டிப் போறாரு! நம்மள வுட்டுத் தாண்டிப் போறாரு!"

அப்போதுதான் தணிகாசலத்துக்கு விளங்கியது. அவர் சொன்னபின் எனக்கும். கலங்கரை விளக்கத்துக்கும் தெற்குக் குப்பத்தின் விளக்குகளுக்கும் நடுவே எங்கே முழு இருட்டோ, அதுதான் தங்கள் ஊர். பெண்களின் குரலே கேட்காத தொலைவில், ஆண்கள் அதைப் பார்த்துத்தான் மரத்தைத் திருப்பினார்கள். இருட்டே அவர்கள் அடையாளம். வெளிச்சத்தைக் கண்ட ஏகாம்பரம் இதைத் தெற்குக் குப்பம் என்று எண்ணி, தன் இருட்டைத் தேடி வடக்கே போய்க்கொண்டிருந்தார். அங்கே மாமல்லபுரத்துப் பாறைகள்.

"அணைங்க! அணைங்க!" என்று ஓடினோம். விளக்குகள் மணலில் புதைந்தன. கன்னியம்மா கரையோடு வடக்கே ஓடிக்கொண்டே கூப்பிட்டார். நாங்களும் பின்னால் ஓடினோம். சீழ்க்கை வரவில்லை. திரும்பி வராத அந்த இருவர் என் நினைவுக்கு வந்தார்கள். மூடநம்பிக்கை என்று நான் எழுதிய குறிப்புப் புத்தகம் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு மைலுக்கு மேல் போனபின் எதிரே ஓர் உருவம் நொண்டிக்கொண்டு வந்தது. தோளில் துடுப்பு. முழங்காலிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மரம் பாறையில் மோதிக் கட்டு அறுந்துவிட்டது, நீந்திக் கரையேறியிருந்தார்.

கன்னியம்மா அவரை ஓங்கி ஓர் அறை அறைந்தார். அப்புறம்தான் அழுதார்.

"இன்னாடி அடிக்கிற?" என்றார் ஏகாம்பரம். குளிரில் அவர் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "நம்ம ஊரு காணாம பூட்ச்சி. எங்க இருக்கணுமோ அங்க இல்ல. வேற ஏதோ ஊரு வந்து குந்திகினு இருந்துது. மேலும் கீழும் தேடினேன், அண்ணாத்த. ஊர எவனோ எட்த்துகினு பூட்டான்னே நெனச்சேன்."

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தணிகாசலம் தம் வீட்டிலேயே எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். அது கடிந்துகொள்வதைவிடக் கடினமாக இருந்தது.

மறுநாள் மாலை சென்னை திரும்பினேன். தாம்பரம் தாண்டியதிலிருந்து விளக்குகள் வரிசையாக வந்தன. யுத்தகால இருட்டடிப்பு விலக்கப்பட்ட அன்று எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது நினைவுக்கு வந்தது. உத்தரவைச் சுமந்துகொண்டு கடற்கரை முழுவதும் நடந்த நாங்கள், அது நீங்கிய செய்தியைச் சொல்ல அடுத்த ஊருக்குக்கூடப் போகவில்லை. பிறகு ஒருவன் போனபோதும், கடலில் இருந்தவர்களைக் கேட்காமல் கரையில் நின்றே சொல்லிவிட்டான்.

சங்கத்தின் வகுப்பு இப்போது பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கிறது. அதற்கு விளக்கு வேண்டியதில்லை. ஏகாம்பரத்தின் புதிய மரத்துக்குச் சங்கத்தார் பணம் திரட்டிக் கொடுத்தோம். சித்திரை முதல் நாளிலிருந்து குப்பத்தில் அந்த அரிக்கேன் ஒன்று மட்டும் எரிகிறது. எல்லா மரத்துக்காரர்களுக்கும் ஒரு மாதம் முன்பே சொல்லப்பட்டது. கழியை எங்கே நடுவது என்பதை ஏகாம்பரம் கடலிலிருந்து பார்த்துச் சொன்னார்.