பிளக் என் சட்டைப் பையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் ஆறு வருஷம் இருந்தவன். ஒரு வயர்லெஸ் செட்டு பேசினால் அதற்குள் கரண்ட் போகிறது, பேசாவிட்டால் எங்கேயோ வயர் விட்டிருக்கிறது, எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் கிடையாது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் என்னை உங்கள் காரில் முன்சீட்டில் உட்கார வைத்து, அந்த ஓட்டையில் செல்போன் வயரைச் செருகிவிட்டு, "என்னய்யா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்று கேட்டது நீங்கள்தான். கேட்டது கேட்டுவிட்டீர்கள், முழுதும் கேளுங்கள்.

அந்த ஓட்டை சிகரெட் பற்றவைப்பதற்காக வந்தது. ஐம்பதுகளில் போடியில் அது உள்ள கார்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என் முதலாளி வைத்திருந்த அமெரிக்கக் காரில் இருந்தது. குமிழை அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் நுனி பழுத்து டக்கென்று வெளியே வரும். தீப்பெட்டி வேண்டாம் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை, சிகரெட் பிடிக்காதவர்களுக்குக்கூட நீட்டுவார். ஊருக்குள் அவருக்கு ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, போடிமெட்டுக்குப் போகும் பாதைக்கு மேலே ஏலத்தோட்டம். பட்டாளத்திலிருந்து திரும்பி சிலமலையில் சும்மா திரிந்த என்னை டிரைவராக வைத்துக்கொண்டார்.

ஒரு தடவை மெட்ராசுக்குப் போனவர், பட்டாளத்தில் கழித்துப்போட்ட வயர்லெஸ் செட்டு இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்று கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை மேசையில், இன்னொன்று காரில். "மலையில ஒருத்தனுக்கு ஒண்ணு ஆயிட்டா கீழ தகவல் சொல்ல வேணாமாடா" என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுக்கிறேன் என்றேன். காரில் ஒரு ஆணி அளவு துளைகூடப் போடக்கூடாது என்றார். ஏற்கெனவே இருக்கிற ஓட்டை போதாதா என்று சிகரெட் குமிழைப் பிடுங்கிக் காட்டினார். சரி என்று நானே ஒரு கட்டையைக் கடைந்து, பித்தளைத் தகடு சுற்றி, அந்த ஓட்டைக்கு அளவாக ஒரு பிளக் செய்தேன். செருகினால் செட்டு 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கும், முகப்பு விளக்கு எரியும். ஒரே சங்கடம், செட்டு ஓடும்போது முதலாளி தீப்பெட்டியைத் தேட வேண்டும்.

மலைப்பாதையில் ஒரு வளைவில் மட்டும்தான் போடி தெளிவாகக் கேட்கும். அதற்கு வயர்லெஸ் வளைவு என்று நாங்களே பெயர் வைத்தோம். தோட்டத்துக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையும் அங்கேதான் பிரியும். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற சூளைக்கு விறகு பிளந்துகொண்டிருந்தவர் வீரணன், என் அக்கா பேச்சியின் புருஷன். அக்கா கீழே கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். அவர் மேலே, அவள் கீழே, மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் அதிகம்.

கார் வந்தது தெரிந்தால் மச்சான் கோடாலியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவார். செட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"மாப்ளே, ஒரே ஒரு தடவை ஒங்க அக்காகூட பேச விடேன்."

"மொதலாளி பார்த்தா என் சோலி போயிரும் மச்சான். அதுவும் போக, இதுல பேச ஒரு முறை இருக்கு. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் பேச முடியாது. பேசி முடிச்சு ஓவர் சொல்லணும். நான் சொல்லிட்டேன், இனி நீ பதில் சொல்லுன்னு அர்த்தம். பேச்சே முடிஞ்சு செட்டை மூடுறப்பத்தான் அவுட்."

"ஓவர்னா பதில் சொல்லணும். அவுட்டுன்னா போயிரணும்" என்று அவர் பாடம் மாதிரி ஒப்பித்தார். அப்போதும் நான் விடவில்லை. முதலாளிக்குப் பயந்தது பாதி. பட்டாளத்தில் படித்த வித்தையை விறகு வெட்டுகிறவர் கையில் கொடுப்பதா என்கிற திமிர் மீதி. இப்போது சொல்லி என்ன.

அன்றைக்குக் கார்த்திகை மாதத்து மத்தியானம். பம்பாய் வியாபாரிகள் இரண்டு பேரை முதலாளி தோட்டம் காட்ட அழைத்து வந்திருந்தார். வளைவுக்கு வந்ததும் அவர்களுக்குக் கிரிக்கெட் வர்ணனை ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் செட்டில் முள்ளைத் திருப்பினால் ரேடியோவும் கேட்கும். மலை டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்போம். பேட்டரி செத்தாலும் கல்லை எடுத்தால் போதும், வண்டி உருளும், கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த அமெரிக்கக் காருக்குக் கையால் சுற்றுகிற ஹேண்டிலும் கிடையாது, கல்தான் எங்கள் ஹேண்டில். நான் வண்டியைத் திருப்பப் போனேன்.

"திருப்புற நேரத்துல ஆட்டம் போயிரும்டா. அப்படியே நிறுத்து" என்றார் முதலாளி.

மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். எஞ்சின் ஓடினால் செட்டில் பொரிகிற சத்தம் வரும், அதனால் அதையும் அணைக்கச் சொன்னார். எஞ்சின் ஓடாமல் செட்டு ஓடினால் பேட்டரி வற்றிவிடும் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது வியாபாரிகள் முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஓடியது. மஞ்சு இறங்கி எதிர்ச் சரிவு மறைந்தது, வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தேய்ந்தது, அப்புறம் நின்றது.

அது நின்ற கொஞ்ச நேரத்தில் மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு பேர், சூளையிலிருந்த மர நாற்காலியில் கயிறு போட்டுக் கட்டி. கோடாலி வழுக்கித் தொடையில் இறங்கியிருக்கிறது. வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தும் நாற்காலியிலிருந்து சொட்டியது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "மாப்ளே, வண்டி நிக்குதுல்ல, நல்லவேளை" என்றார்.

பின்சீட்டில் கிடத்தினோம். சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், அந்த டக்கும் வரவில்லை. கீழே தகவலாவது சொல்லலாம் என்று மைக்கை அமுக்கினேன். கேட்பதைவிடப் பேசத்தான் அந்தச் செட்டு அதிகம் கரண்ட் தின்னும். முகப்பு விளக்கு பீடி நெருப்புபோல ஒரு தடவை சிவந்து அணைந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே வாங்கிய செட்டு அது.

மேட்டைப் பார்த்து நிற்கிற வண்டியை என்ன செய்வது? பின்னுக்கு உருட்டி ரிவர்ஸ் கியரில் விட்டுப் பார்க்கலாம். பின்னால் வளைவு, முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் பள்ளம். ஆனாலும் செய்திருக்கலாம். மச்சானைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நான் ஒருவன் மட்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கல்லை எடுக்கச் சொன்னேன். கல்லை எடுக்கக் குனிந்தவனை முதலாளி தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம்டா. காரு போயிரும்."

கார் போய்விடும் என்றார். கவனித்தீர்களா, நீ போய்விடுவாய் என்றுகூடச் சொல்லவில்லை. நானும் என்ன செய்தேன்? பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவருக்குக் கார் பெரிது, எனக்கு அவர் சொல் பெரிது. நாற்காலியில் இருந்தவருக்கு யார் இருந்தார்கள்?

பொதிக்கழுதைகள் அடிவாரத்து முந்தல் ஊருக்கு இறங்குகிற பழைய குறுக்குப் பாதையில் அந்த நான்கு பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் கிளம்பினேன். "நீ வண்டிய விட்டு நகரக் கூடாது. லாரி வந்தா கட்டி இழுக்கணும்" என்றார் முதலாளி. வியாபாரிகள் குளிர் தாங்காமல் சூளையில் அனல் காயப் போய்விட்டார்கள். நான் நின்றேன். எனக்கு அதை எத்தனை தரம் சொன்னாலும் வாய் கசக்கிறது. நான் நின்றேன்.

காருக்குள் நானும் முதலாளியும் மட்டும். பேட்டரி கொஞ்சம் இளைப்பாறினால் ஒரு சுற்றாவது சுற்றாதா என்று பிளக்கை ஓட்டையிலிருந்து பிடுங்கினேன். வயரைச் செட்டிலிருந்தும் கழற்றி, பிளக்கோடு சேர்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் நீங்கள் என்னைப் பொய்யன் என்பீர்கள். செட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு நூல்கூடக் கிடையாது. முதலாளி பழக்க தோஷத்தில் சிகரெட் குமிழைச் செருகி அமுக்கினார். அது ஜில்லென்று கிடந்தது. தீப்பெட்டியைத் தேடிப் பற்றவைத்தார்.

அப்போது செட்டு 'ம்ம்ம்' என்று முனகியது.

நான் முதலில் பையைத்தான் தொட்டுப் பார்த்தேன். பிளக் இருந்தது. முகப்பு விளக்கு எரிந்தது. பீடி நெருப்புபோல இல்லை, புது பேட்டரி போட்ட அன்றைக்கு எரிந்த மாதிரி, பளிச்சென்று. அதற்குள்ளிருந்து மச்சான் பேசினார். மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை, மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு வந்து பேசுகிறவர் மாதிரி.

"மாப்ளே. குளிருது மாப்ளே. பேச்சிய முந்தலுக்கு வரச்சொல்லு, கம்பளி கொண்டாரச் சொல்லு. கேக்குதா? ஓவர்."

மைக் என் முழங்கைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை. பயமா என்று கேட்டால், பயம்தான். ஆனால் அதற்கு முன்னால் மண்டைக்குள் ஓடியது வேறு. கரண்ட் இல்லை, வயர் இல்லை, இது நடக்காது. பட்டாளத்துப் புத்தி. செட்டு முனகிக்கொண்டே இருந்தது, பதிலுக்குக் காத்திருக்கும்போது முனகுமே, அது மாதிரி. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் விளக்கு அணைந்தது. முதலாளி கையிலிருந்த சிகரெட் விழுந்து சீட்டு கருகுகிற வாடை வந்த பிறகுதான் இருவரும் அசைந்தோம்.

"கேட்டுச்சா மொதலாளி?" என்றேன்.

"என்ன கேட்டுச்சு?" என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

மேட்டிலிருந்து ஒரு லாரி இறங்கியது. காரை அப்படியே போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மலையடிவாரத்தில் முந்தலில் போய் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குறுக்குப் பாதை வந்து சேர்கிற இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அடிவாரத்துப் புழுக்கத்தில், கையில் மடித்த கம்பளியோடு.

"யாருக்கா ஒனக்குச் சொன்னது?"

"அவருதான். கணக்குப்பிள்ளை வெரசா வான்னு கூப்புட்டாரு. போனா அந்தப் பெட்டிக்குள்ள அவரு பேசுறாரு. குளிருது பேச்சி, கம்பளி கொண்டா, முந்தலுக்கு வான்னாரு. முடிச்சிட்டு ஓவர்னாரு. கணக்குப்பிள்ளை பேசுற கட்டைய அமுக்கிப் பிடிச்சாரு, இந்தா கொண்டாறேன்யான்னு சொன்னேன். குதுர வண்டி பிடிச்சு ஓடியாந்தேன். நீதானே தம்பி பேச விட்ட?"

நான் பேச விடவில்லை, ஒரு தடவைகூட விட்டதில்லை. நாற்காலி இறங்கி வந்தது. தூக்கி வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே பேச்சு நின்றுவிட்டதாம், இரண்டாவது ஓடை தாண்டும்போது மூச்சு இல்லையாம். அக்கா கம்பளியை உதறி அவருக்குப் போர்த்தினாள், கால் வெளியே தெரியாமல் இழுத்துவிட்டாள்.

அந்த வாரமே வேலையை விட்டேன். கணக்குப்பிள்ளையை மட்டும் ஒரு நாள் பார்த்துக் கேட்டேன். "பேசுனது கார் செட்டுதாம்ப்பா, வேற எது?" என்றார், நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டதுபோல. முதலாளி சீட்டு உறையை மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். உறையை மாற்றலாம்.

ஒரு மனிதன் நாலு வார்த்தை பேச எங்கிருந்தோ கரண்ட் வந்ததே, அந்தக் காரை ஒரே ஒரு சுற்று சுற்ற அது வரவில்லையே என்று முதலில் சாமியைத் திட்டினேன். அப்புறம் அதுவும் விட்டுப்போயிற்று. இப்போது என்னைத் தூங்கவிடாதது வேறு. அக்கா பதில் சொன்னாள். மச்சான் என்னையும் நேரே கூப்பிட்டு, முறைப்படி ஓவர் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்த முறைதான். கை எட்டுகிற தூரத்தில் மைக் இருந்தும் நான் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் யாராவது அந்த ஓட்டையில் வயரைச் செருகினால் எனக்குக் காது அங்கே போகிறது. உங்கள் போனில் சத்தம் ஒன்றும் இல்லை, தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் அன்றைக்கு அவுட் சொல்லவில்லை.