கைகளைப் பின்னால் கட்டி ஆடியவர்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எப்போதும் ஒரு தோல்பந்து காய்ந்துகொண்டிருக்கும். கோட்டைச் சுவரைத் தாண்டிய மணலில்தான் கால்பந்தாட்டம். பந்து அடிக்கடி கடலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்துத் திரும்பும். அது உயரத்திலிருந்து இறங்கும்போது மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். சித்தப்பா மட்டும் நெற்றியைக் கொடுப்பார்.

அவர் அப்பாவின் தம்பி. பகலில் வேன் ஓட்டுவார், சாயங்காலம் ஊர் அணியின் தடுப்பாட்டக்காரர். எதிராளி பந்தோடு வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மார்பால் மறிப்பார். கோலருகே பந்து கையில் பட்டால் பெனால்டி. அந்தப் பயம் அவர் உடம்பில் ஊறியிருந்தது.

"இன்னா அண்ணாத்த, கைக்கு விலங்கு போட்டுட்டானுங்களா?" என்று கூட்டாளிகள் கத்துவார்கள்.

"கை சோறு துன்றதுக்குடா. ஆட்டத்துல அதுக்கு இன்னா வேலை?" என்பார்.

பந்தியில் அப்பளம் பறந்து வந்தாலும் இவன் முட்டத்தான் போவான் என்று அப்பா கேலி செய்வார்.

சித்தப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் செங்கல்பட்டு மைதானத்தில் அவரை மறுபடி பார்த்தேன், என் மகளின் உருவத்தில். பள்ளி முழுக்கக் கால்பந்து ஆடியவள், கல்லூரியில் சேர்ந்ததும் ரக்பிக்கு மாறியிருந்தாள். முட்டை வடிவப் பந்து; கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், ஓடுபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். அன்று பந்து உயரத்திலிருந்து இறங்கியது. எதிரணிப் பெண் பிடிப்பதற்காகக் கைகளை நீட்டித் தாவினாள். என் மகள் பழைய கால்பந்துப் பழக்கத்தில் முட்டுவதற்காகத் தாவினாள். தலையோடு தலை மோதியது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நெற்றியில் தையல் போட்டுக் கேளம்பாக்கம் வீட்டுக்குக் கூட்டி வந்ததும், இனி ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவளைப் பார்க்க வந்த சித்தப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர், "உங்க சித்தப்பன் மட்டும் இந்த ஆட்டம் ஆடியிருந்தா எங்கியோ போயிருப்பாம்மா. இன்னா தோளு அது!" என்றார். அன்றிலிருந்து அதையே யோசிக்கிறேன். தோள் இருந்தது உண்மை. விழப் பயப்படாத உடம்பு, எதிராளியின் எண்ணத்தை முந்தும் கால், எல்லாமே இருந்தன. ஆனால் அந்தக் கைகள்? வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்த கைகளை முதுகிலிருந்து வெளியே எடுக்கவே அவருக்கு ஒரு வருடம் பிடித்திருக்கும். அதுவரை அந்த நெற்றி தாங்கியிருக்குமா? கைகளை வெளியே எடுத்திருந்தால் பெரிய ஆட்டக்காரராகியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

இனி ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான்தான் சொல்லவில்லை.

"நீயே பந்தைப் போட்டுப் பாரும்மா. தலையைக் கொடுத்தேன்னா ஆட்டத்தையே விட்டுடறேன்," என்று மொட்டைமாடிக்கு என்னை இழுத்துப் போனாள்.

பந்தை உயரமாக எறிந்தேன். அவள் தலை ஒரு கணம் முன்னால் வந்தது. அது சித்தப்பாவின் தலை. பிறகு முகம் பின்வாங்கியது. இரண்டு கைகளும் எழுந்து பந்தை வாங்கி மார்போடு அணைத்தன.

"இன்னும் ஒண்ணு," என்றேன். கை வலிக்கும்வரை எறிந்தேன்.

இப்போது எங்கள் பால்கனியில், பயிற்சியின் சேறு கழுவிய முட்டைப் பந்து காய்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது.