மன்னிப்பு எழுதத் தந்த தாள்

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு 'விமர்சனச் சிந்தனை' என்றொரு பாடம் உண்டு. அதன் பயன்கள் ஐந்து என்று கைடில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். சிந்திப்பதையும் உருப்போடச் சொல்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைடை மேசைக்குள் போட்டுவிட்டுக் கரும்பலகையில் இரண்டே கேள்விகள் எழுதினேன். இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வாட்சப்பில் வருவது, புத்தகத்தில் இருப்பது, நான் சொல்வது, எதையும் விடாமல் கேளுங்கள் என்றேன்.

ஒருத்தி வீட்டிலேயே கேட்டுவிட்டாள். நிலக்கோட்டைப் பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று தரகர், மாப்பிள்ளைக்குக் கோவையில் பெரிய வேலை என்று அளந்திருக்கிறார். "யாரு சொன்னா? நீங்க போயிப் பாத்தீகளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாளே அவளைக் கல்லூரிக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார் அப்பா. பட்டம் வாங்க இன்னும் நான்கே மாதம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என்னை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். பூ வியாபாரி. அறை முழுக்க மல்லிகை வாசம்.

"என்னத்த மேடம் சொல்லிக் குடுக்குறீக? நாலு பேரு முன்னாடி தலகுனிய வச்சிட்டா."

முதல்வர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துருங்க மேடம். பிரச்சன முடிஞ்சிரும்."

எதற்கு மன்னிப்பு? பாடத்தை ஒழுங்காக நடத்தியதற்கா? பேனாவைத் தொடவே இல்லை. அப்பாவிடம் திரும்பினேன்.

"அவ கேட்டதுக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன பதில் சொன்னாங்க?"

"பதிலா? ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயிட்டாக."

"வேலை இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

மனிதர் அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்" என்றார். "திங்கக்கெழம பிள்ளைய அனுப்புறேன். பிள்ள சொன்ன அந்த ரெண்டு கேள்விய மட்டும் இதுல எழுதிக் குடுங்க. தரகரு இன்னும் ரெண்டு இடம் வச்சிருக்காரு."

எழுதினேன். முதல்வர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா கேட்காத மூன்றாவது கேள்வியையும் கீழே சேர்த்தேன். பிள்ளையைக் கேட்டீர்களா?