பஞ்சு இருமல்

புருஷன் குருசாமிக்குக் குடிதண்ணீர் காய்ச்சுவதுதான் பாண்டியம்மாளின் முதல் வேலை. குண்டானை அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஆறவைத்து மூடிவைத்த பிறகுதான் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குக் கிளம்புவாள்.

குருசாமிக்குக் கண்ணுக்குள் அழற்சி. இடக்கண் அதிலேயே போய்விட்டது. வலக்கண் மாத்திரையால் நிற்கிறது.

"உடம்போட எதிர்ப்புச் சக்தி தாறுமாறாப் போய்க் கண்ணையே அடிக்குது. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. அடக்கிட்டா, வேற நோய் வந்தாலும் தடுக்க ஆளிருக்காது. இருமல், காய்ச்சல்காரங்ககிட்ட ஒதுங்கியே இருக்கணும்" என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துத்தான் மாத்திரையை ஆரம்பித்தார். மாதாமாதம் ரத்தமும் சோதித்தார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள் பாண்டியம்மாள். லைன் வீட்டில் ஒரே அறை. ஊரிலிருந்து யார் வேலை தேடி வந்தாலும் முதலில் அங்கேதான் பை இறங்கும்.

"ஏனுங்க பாண்டியம்மா, நான் ஊட்ட வாடகைக்கு உட்டனா, சத்திரத்துக்கு உட்டனா?" என்பாள் வீட்டுக்காரி நஞ்சம்மாள்.

"நாங்களும் இப்படி ஒருத்தர் வீட்லதானக்கா வந்து எறங்குனோம்."

மாத்திரை ஆரம்பித்த பிறகு, வந்தவர்களையெல்லாம் வாசலோடு வேறிடம் அனுப்பினாள். ஆனால் இரண்டாயிரத்து ஏழு ஆடியில் வந்து நின்றவன் கூடப்பிறந்த தம்பி ராக்கையா. அவனை எங்கே அனுப்ப?

கம்பெனிக்குப் போன சில நாளிலேயே விடாமல் இருமினான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இருமுவார்கள். தூசி தொண்டைக்குப் பழகுகிறவரை அப்படித்தான். பஞ்சு இருமல் என்று அதற்குப் பெயரே உண்டு. பாண்டியம்மாள் அவன் பாயை வாசற்படியோரம் தள்ளிப் போட்டாள்.

"வந்த புதுசுல நீ லொக்கு லொக்குன்னு கெடந்தியே, அப்ப ஒன்னிய யாரு தள்ளிப் படுக்கச் சொன்னா?" என்று குருசாமி சிரித்தான். "வெல்லத்தக் கடிடா மாப்ள, சரியாப் போயிரும்."

ராக்கையா வெல்லம் கடித்தான். ஊரிலேயே இருமிக்கொண்டுதான் பஸ் ஏறினான் என்பது ஐப்பசியில் அவன் ரத்தம் துப்பிய பிறகுதான் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் குருசாமிக்கும் சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை தோளில் தொங்கியது. டாக்டரம்மா புதிதாகப் படம் எடுத்துப் பார்த்து, இவனுக்கும் டிபிதான் என்று கண் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"குடுத்துக்கிட்டே இருந்தா உயிருக்கே ஆபத்து. நிறுத்துனா கண்ணு தாங்குமான்னு எனக்கே சொல்லத் தெரியலைம்மா."

"என் தம்பிகிட்டருந்து ஒட்டுனதா டாக்டர்?"

"இருக்கலாம். சின்ன வயசுல ஒட்டுனது இவருக்குள்ளயே தூங்கிக் கிடந்து, மாத்திரையால இப்ப முழிச்சும் இருக்கலாம். யார் மேலயும் பழி போடாதீங்க."

கார்த்திகையில் வலக்கண் சிவந்தது. சொட்டு மருந்துக்கு மசியவில்லை. ஒரு நாள் கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்து, "வாங்கக்கா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றான் குருசாமி. லைனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டியம்மாளும் கூடவே சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சோற்றுப்பானையைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவிய பானை.

மறுநாள் ராக்கையா பையைக் கட்டினான். மீதி மாத்திரையை ஊர் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். குருசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பாண்டியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாரேன் மச்சான்."

குருசாமி 'ம்' என்றான்.

ராக்கையா அவளிடம் வந்து நின்றான். வாயைத் துண்டால் மூடியிருந்தான்.

"எக்கா, மச்சான் கண்ணு என்னாலதான் போகுதாக்கா?"

டாக்டரம்மா சொன்னது அவள் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால், கோபப்படக்கூட ஆளில்லாமல் போய்விடும். பானையைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தாள். கஞ்சி வடிந்து முடிந்த பிறகும் நிமிர்த்தவில்லை.

ராக்கையா பையை எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனான்.