செத்துப்போன செடிகளும் கன்னியம்மா வெட்டிய வாய்க்காலும்

உப்பங்கழிச் சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. கெட்டுப்போன முட்டை மாதிரி... முதல் நாள் மூக்கைப் பொத்த வைக்கும். பத்து நாளில் பழகிவிடும். ஒரு மாதம் போனால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தள்ளி உட்காரும்போதுதான் அது நம் மேல் வீசுகிறது என்பதே தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு பிச்சாட்டூரில், டிகிரி திருப்பதியில். கூடப் படித்தவர்கள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது, பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் அலையாத்திச் செடி நடும் வேலை. சின்னத் தொண்டு நிறுவனம். தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுவேன் என்பதுதான் என் தகுதி.

நைனாவுக்குத் தாங்கவில்லை.

"உங்க சித்தப்பா பொண்ணு பெங்களூர்ல ஏசி ரூம்ல குந்திக்கினு வேலை செய்யறா. நீ டிகிரி படிச்சிட்டு சேறு மிதிக்கப் போறியா?"

போனேன்.

குப்பத்தில் அப்போது யாரும் பருவநிலை மாற்றம் என்றெல்லாம் பேசவில்லை. "உப்பு ஏறிக்கினே வருது" என்பார்கள், அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் கரித்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அலை கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு போனது. கடைசி வரிசை வீடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம். அலையாத்தி வளர்ந்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் திட்டம்.

ஒரே வாரத்தில் நட்டு முடித்தேன். கயிறு கட்டி, நேர் நேராக வரிசை பிடித்து... போட்டோவில் அப்படி அழகாக இருந்தது! குப்பமே என்னைச் 'செடி மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

இரண்டே மாதம். அத்தனையும் கருகிப் போயின. மிச்சம் இருந்ததை ஆடு தின்றுவிட்டது.

பக்கத்து ஊர் தடாவுக்குப் போய் எஸ்டிடி பூத்திலிருந்து திருப்பதி ஆபீசில் இருந்த எங்கள் சாருக்கு போன் செய்தேன். செடி கருகியதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "வர்ற வாரம் ஹைதராபாத்துலருந்து பணம் குடுக்கற மேடம் இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. முக்கால்வாசி உசுரோட இருக்குதுன்னு சொல்லிடும்மா. இல்லன்னா ப்ராஜெக்டையே மூடிடுவாங்க."

திரும்பி வந்து கரையில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். கன்னியம்மா இடுப்பில் கூடையோடு தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள். என் வயசுதான், அதற்குள் இரண்டு பிள்ளைகள்.

"இன்னாமே, மூஞ்சி இப்பிடிக் கீது?"

சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நீ நட்ட எடம் பள்ளம்மே. கடல் ஏத்தத்துல வர்ற தண்ணி அங்கயே நின்னுடும். வெயில்ல காய்ஞ்சி உப்பாப் பூடும். எந்தச் செடி பொழைக்கும்? வாய்க்கா வெட்டிவுடு. தண்ணி வந்துக்கினும் போய்க்கினும் இருக்கணும்."

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட? கயிறு கட்டிக்கினு இருந்த!"

மேடம் வந்தார். பட்டுப்புடவை, கறுப்புக் கண்ணாடி. கூடவே சார், நெற்றியெல்லாம் வேர்வை. மேடம் கரையில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னி பதிகாயி?" எத்தனை பிழைத்தது என்று.

சார் என்னைப் பார்த்தார். கன்னியம்மாவும் பார்த்தாள்.

"அன்னி சச்சிபோயாயி, மேடம்," என்றேன். எல்லாம் செத்துப்போச்சு.

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

கன்னியம்மாதான் முன்னால் வந்தாள். கால் கட்டைவிரலால் ஈர மண்ணில் கோடு இழுத்து, தண்ணீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும், வாய்க்கால் எந்தப் பக்கம் போகணும் என்று பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் விளக்கினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சூபிஞ்சு" என்று இறங்கிவிட்டார், காட்டு பார்க்கலாம் என்று.

நாலாவது அடியில் முழங்கால் வரை புதைந்தார். மூன்று பெண்கள் சேர்ந்து இழுத்தோம். இழுத்த வேகத்தில் நான்கு பேரும் மல்லாக்க விழுந்தோம். முதலில் சிரித்தது மேடம்தான். அப்புறம் குப்பமே சிரித்தது. கடைசியாக, பயந்து பயந்து, சாரும்.

போகும்போது மேடம் சொன்னார்: "இன்னொரு மழைக்காலம் வரைக்கும் பாருங்க. இந்தம்மா சொல்ற மாதிரி செய்யுங்க."

செய்தோம். கன்னியம்மா முன்னால் போய் அடையாளம் வைக்க, பின்னால் பெண்கள் மண்வெட்டியோடு. "பொம்பளைங்க வாய்க்கா வெட்றாங்க" என்று கேலி பேசிய ஆண்கள், மூன்றாம் நாள் தாங்களாகவே இறங்கினார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் மறுபடி செடி நட்டோம். ஆட்டுக்குக் கிழிந்த வலையில் வேலி. மத்தியானம் கன்னியம்மா கை இறால் குழம்பு. அந்த ருசியை இன்னும் எந்த ஓட்டலிலும் நான் பார்க்கவில்லை.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது. முதல் துளிர் வந்த வாரம், நைனாவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "இம்மாத்துண்டு எலைக்கா இத்தனை ஆட்டம்?" என்றார். ஆனால் குனிந்து, அதைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது எனக்குத் திருப்பதியில் ஏசி ரூம் இருக்கிறது. கதவில் பெரிய பெரிய வார்த்தையோடு ஒரு பதவிப் பெயரும். வாரத்துக்கு இரண்டு ஆன்லைன் மீட்டிங். ஸ்லைடில் கடற்கரை வரைபடம் நீல நிறத்தில் வருகிறது, வாசனையே இல்லாமல். கன்னியம்மாவின் பிள்ளைகள் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளுக்கு பஸ்ஸில் போய் வருகிறார்கள். கிணறு இன்னும் கரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரிசை வீடுகள் அங்கேயே இருக்கின்றன.

போன வாரம் ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்து அவளுக்கு போன் செய்தேன். எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"சாயந்தரமானா கொக்குங்க மொத்தமும் நம்ம செடிங்க மேலதான் வந்து குந்துதுமே! நீ பேசறது ஒண்ணும் கேக்கல. காலையில பண்ணு!"

வைத்துவிட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்...