வரையாமல் விட்ட முனை

நான்காக மடித்த ஒரு கிராஃப் தாளை என் அகராதிக்குள் நான்கு ஆண்டுகளாக வைத்திருந்தேன். பச்சைக் கட்டங்களின்மேல் பென்சிலால் வரைந்த சிறு சதுரங்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை. அதற்குக் கீழே சற்று இடம்விட்டு, வரிசைக்கு நான்காக இன்னும் எட்டு. கூர்ந்து பார்க்கிறவருக்கு மட்டும் அவை எல்லாம் சதுரங்கள் அல்ல என்பது தெரியும். சிலவற்றின் இரண்டு மூலைகள் மழுங்கியிருக்கும். ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டுக்குள் மின்சாரம் நுழையும் இரண்டு வாய்களின் படம் அது. வரைந்தவள் நான், துளை துளையாகப் பார்த்துச் சொன்னவர் மைனி. அண்ணனின் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்.

மைனி மார்த்தாண்டத்திலிருந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர். திருமணத்துக்கு முன் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்திருந்தார். அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். அவன் கல்லூரி நாளில் ஆசைப்பட்டுச் சேர்த்த கம்ப்யூட்டர் முன்னறையில் துணி மூடிக் கிடந்தது. வந்த ஒரு மாதத்தில் மைனி அந்தத் துணியை எடுத்து மேசை விரிப்பாக்கினார், கம்ப்யூட்டரைத் தன்னுடையதாக்கினார். மாப்பிள்ளை வீடு எல்லைக்கு இந்தப் பக்கமும் பெண் வீடு அந்தப் பக்கமுமாக நடக்கிற கல்யாணங்களுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே அட்டையில் வரவேண்டிய அழைப்பிதழ்கள் எல்லாம் மெல்ல மெல்ல மைனியிடம் வரத் தொடங்கின. பிறகு எங்கள் திருச்சபையின் ஆண்டுவிழா மலர் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். வீடுவீடாக வாங்கி ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்கள். மூன்று மாத உழைப்பு. பெண்பிள்ளை தனியாகச் செய்து முடிப்பாளா என்று கமிட்டியில் இரண்டு பேர் கேட்டார்களாம். அதை எங்களிடம் சொல்லிவிட்டு மைனி சிரித்தார். ஆனால் அன்றுமுதல் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை சரிபார்த்தார்.

மலர் முடிய நாற்பது பக்கம் இருக்கும்போது ஐப்பசியில் பெய்யும் துலாவருஷ மழையில் ஒரு மாலை இடி விழுந்தது. எங்கள் பகுதியில் அந்த மாதங்களில் மேகம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்குவது வீட்டு வழக்கம். அன்று எல்லாரும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் உயிரற்றுக் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அச்சகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார் மைனி. அதற்குள் எல்லாம் இருந்தன. போனவை மதர்போர்டும் பவர் சப்ளையும்தான். அப்போதே அங்கேயே ஒரு பிரதி எடுத்திருக்கலாம். அச்சகத்தில் அன்று கூட்டம். கம்ப்யூட்டர் சரியானதும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று மைனி நினைத்துவிட்டார்.

மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணன் புதிய மதர்போர்டையும் புரோசஸரையும் கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு கட்டளையும் வந்தது: கடையில் கொடுத்துச் சேர்க்க வேண்டும். கடைக்காரர் பத்து நாள் கேட்டார். மைனியிடம் பத்து நாள் இல்லை. "சேர்ப்பு வேலைதானே. எழுத்துக் கோத்தவளுக்கு வயர் கோக்கத் தெரியாதா?" என்றார். அம்மா மட்டும், "மோளே, அவன் ஏசுவான் கேட்டியா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

பவர் சப்ளை வாங்க வேண்டும். மதர்போர்டைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் போக மைனிக்கு மனமில்லை. கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தார், திருப்தி வரவில்லை. "இதில எல்லா ஓட்டையும் ஒண்ணுபோலத்தான் தோணுது மக்கா. நீ வரஞ்சு தா. உனக்க கைதான் அளந்து அளந்து எழுதுற கையாச்சே." நான் கிராஃப் தாளையும் கூர்சீவிய பென்சிலையும் எடுத்து வந்தேன். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின்மேல் கிடத்தி, மைனி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "சதுரம், உருண்டை, சதுரம்" என்று வரிசையாகச் சொன்னார். இடையிடையே தூசியையும் திருகாணியையும் "எலே, நகருலே" என்று அதட்டினார். உயிரில்லாத பொருள்கள் எல்லாம் அவருக்கு 'எலே'தான். ஒரு துளையின் மூலை எதற்காக மழுங்கியிருக்க வேண்டும் என்று கேட்டேன். "தப்பான முனை உள்ள கேறாம இருக்கியதுக்காக்கும்" என்றார். யாப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பிடித்திருந்தது. செய்யுளில் தளை தட்டும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற ஓர் ஒழுங்கை அதில் கண்டேன்.

திருவனந்தபுரத்துக் கடையில் பையன்கள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார்கள். "சேச்சி, போட்டோ எடுத்தா போரே?" என்றான் ஒருவன் மலையாளத்தில், படம் எடுத்தால் போதாதா என்று. மைனி, "போட்டோயில் மூல காணத்தில்ல மோனே" என்று சொல்லி, அவன் நீட்டிய பெட்டியைத் திறந்து முனைகளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தார். இருபத்துநான்கு துளை முனை பொருந்தியது. எட்டுத் துளை முனையும் இருந்தது. ஆனால் மழுங்கல்கள் இடம் மாறியிருந்தன. அது கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டிய முனை. புரோசஸருக்கு அந்தப் பெட்டி தந்தது நான்கு துளை மட்டுமே. பையனும் குனிந்து பார்த்தான், சிரிப்பு நின்றது. வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தான். இரண்டு நான்குகள் சேர்ந்து எட்டாகிற முனை அதில் இருந்தது. ஒவ்வொரு மூலையும் என் பென்சில் கோட்டோடு ஒத்துப்போனது. திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரை தாண்டும்வரை மைனி அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் மதியம் எல்லாவற்றையும் பூட்டினோம். பெரிய முனை 'டக்' என்று அமர்ந்தது, எட்டும் அமர்ந்தது. ஹார்ட் டிஸ்க்கை இணைக்காமல் முதலில் போட்டுப் பார்த்தோம். விசிறி சுழன்றது, திரையில் எழுத்துகள் வந்தன. மைனி என் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு மணியைப் பார்த்தார். தன் மகளைப் பள்ளிப் பேருந்திலிருந்து கூட்டிவர நேரமாகியிருந்தது. "டிஸ்க்குக்கு நான் வந்து கரண்டு கொடுக்கேன், நீ தொடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொட்டேன். கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்ளே, அண்ணன் பழைய பவர் சப்ளையிலிருந்து டிஸ்க்குக்கு இழுத்திருந்த கேபிள் அப்படியே இருந்தது. ஒரு முனை டிஸ்க்குக்கு அருகே. நடுப்பகுதி தகட்டின் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. மறுமுனை மட்டும் கழன்று தொங்கியது. புதிய பெட்டியோடு வந்த கேபிள் பிளாஸ்டிக் உறையில் மேசைமேல் கிடந்தது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஒன்றைப் பிரித்து எதற்குப் புதியதை இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். தொங்கிய முனையைப் புதிய பவர் சப்ளையின் ஆறு துளை வாயில் வைத்தேன். 'டக்' என்று அமர்ந்தது. அந்த ஒலியை நம்பினேன். மைனி வரும்போது திரையில் அவருடைய பக்கங்கள் விரிந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை. சுவிட்சைப் போட்டேன். மிகச் சிறிய ஓர் ஒலி. நகம் முறிகிற அளவுக்குத்தான். பிறகு கருகிய வாசனை.

மதர்போர்டில் போய்ச் சேரும் முனைகளை எல்லாக் கம்பெனிகளும் ஒரே ஒழுங்கில்தான் செய்கின்றன. அதே கம்பி பவர் சப்ளையிலிருந்து புறப்படுகிற இடத்துக்கு அப்படிப் பொது ஒழுங்கு எதுவும் இல்லை. உருவம் ஒன்றாக இருந்தாலும், ஒருவர் ஐந்து வோல்ட் வைத்த துளையில் இன்னொருவர் பன்னிரண்டு வைத்திருப்பார். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் வரைந்ததெல்லாம் கேபிளின் ஒரு முனை. மறுமுனையை வரைய வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மைனி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார். உள்ளே வந்து மேசையில் பிரிக்காமல் கிடந்த உறையைப் பார்த்தார், கேபினெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கைப்பேசி அழைத்தது. கடையிலிருந்து கம்ப்யூட்டர் வந்துவிட்டதா என்று பார்க்க அண்ணன் வீடியோவில் வந்திருந்தான். திறந்து கிடந்த கேபினெட்டைக் கண்டதும் அவன் குரல் உயர்ந்தது. "டிஸ்க்கு என்னாச்சு?" என்றான். "கருகிப்போச்சு" என்றார் மைனி. அவ்வளவுதான் சொன்னார். "உன்னெ யாரு இதில கை வைக்கச் சொன்னது? கடையில கொடுண்ணு சொன்னேனா இல்லியா?" அண்ணன் கால்மணி நேரம் ஏசினான். மைனி கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தார். நான் அந்தத் திரையின் சட்டத்துக்கு வெளியே நின்றேன். ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே வந்திருப்பேன். வைக்கவில்லை.

பிறகு, "நான் சொல்லியிருக்கணும் மைனி" என்றேன். "அவிய ஏசினா நீ பத்து நாளு உண்ணாம கெடப்பே. எனக்கு இந்தக் காதுல கேறி அந்தக் காதுல போவும். அழாதே, கண்ணாடி எங்க? அந்தப் பெருசாக் காட்டுற கண்ணாடி" என்றார். மூன்று நாள் அவர் அந்த டிஸ்க்கின் அடிப்பலகையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்தார். விளக்கக் காணொளிகளைப் பார்த்தார். காட்டாக்கடையில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டார். அரிசிமணியில் பாதி அளவுள்ள ஒரு கறுப்புத் துண்டில் வந்து நின்றார். மின்சாரம் மிகுந்து வந்தால் தான் செத்து மற்றவற்றைக் காக்கும்படி வைக்கப்பட்ட துண்டு அது. செத்தபின் அதுவே மின்சாரத்தின் வழியை அடைத்துக் கிடந்தது. அதை நகவெட்டியால் கவனமாகக் கத்தரித்து எடுத்தார். புதிய கேபிளை உறை பிரித்து இணைத்தார். டிஸ்க் சுழன்றது. பக்கங்கள் திரையில் வந்தபோது மைனி சிரிக்கவில்லை. அதன்பிறகு முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தார். மலர் ஒரு வாரம் தாமதமாக வெளிவந்தது.

கருகியது மறக்கப்படவில்லை, மீண்டது மறக்கப்பட்டது. விடுப்பில் வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அண்ணன் அதைக் கதையாக்கிச் சொன்னான். "எனக்க பொண்டாட்டி தொட்டா இடி வேண்டாம்" என்பான். உறவினர்கள் சிரிப்பார்கள். மைனியும், "ஆமா, பின்னெ" என்று சிரித்தபடி எல்லார் இலையிலும் கறி வைப்பார். நான் தலை குனிந்து உண்பேன். என் மௌனத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

இந்த ஆண்டு மைனி வாடகைக்கு ஒரு கடைமுறி, அதாவது கடையறை, கேட்டார். பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், அச்சுப் பக்க அமைப்பும் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புமாக ஒரு சிறு கடை. கட்டட உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாருக்கும் அவர் சார். அண்ணன் விடுப்பில் வந்திருந்தபோது ஒரு முற்பகலில் பேசி முடிக்க வீட்டுக்கு வந்தார். மைனி காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணனுக்கு முழு மனமில்லை. மறுப்பதற்கு முகமும் இல்லை. அதனால் கதையை எடுத்தான். "சார், முதல்ல ஒரு காரியம் கேட்டுக்கிடுங்க. நல்ல ஹார்ட் டிஸ்க்கெ ஒரே நிமிஷத்துல கருக்கினவளாக்கும் இவ. ரிப்பேர் கடை தொறந்தா சாருக்க கட்டடத்துக்கு ஆபத்தாக்கும்." சார் சிரித்தார். மைனியும் சிரித்தார், ஆனால் காலித் தட்டைத் திரும்ப எடுக்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது. அந்தக் கையை நான் பார்த்தேன்.

"கருக்கினது நானாக்கும் அண்ணா" என்றேன்.

நான் பழைய கேபிளைப் பற்றி, உறை பிரிக்காமல் கிடந்த புதியதைப் பற்றி, தொடாதே என்று மைனி சொல்லிப்போனதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அண்ணன் மைனியைத் திரும்பிப் பார்த்து, "நீ எதுக்கு அண்ணைக்குச் சொல்லேல்ல?" என்றான். "நீங்க இடம் தந்தியளா? என்னாச்சுண்ணு கேட்டிய, கருகிப்போச்சுண்ணு சொன்னேன். யாரு செய்ததுண்ணு கேக்கவே இல்லியே" என்றார் மைனி. பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு வருசமாச்சு இல்லியா மக்கா, உனக்க வாயில இருந்து இது இறங்கி வர? பொழியூருல கடலுக்குப் போன வள்ளம் இதுக்குள்ள எத்தனை தடவை கரைக்கு வந்திருக்கும்!" என்றார். அதில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்கு நான் தகுதியானவள்தான்.

சார் காப்பியைக் குடித்து முடித்தார். "எனக்க வீட்டிலயும் ஒரு கம்ப்யூட்டர் இடி விழுந்து மூணு மாசமாக் கெடக்கு. அதெ யாருக்க கையில கொடுக்கணும்? கருக்கினவளுக்க கையிலயா, கருகினதெ எழுப்பினவளுக்க கையிலயா?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் எழுந்துபோய், மேசை இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்துவந்து மைனியிடம் நீட்டினான். ஒப்பந்தத்தில் மைனி கையெழுத்திட்டார்.

கடை திறந்த வாரத்தில் அகராதியிலிருந்து கிராஃப் தாளை எடுத்துப் பின்பக்கத்தில் அந்த ஆறு துளைகளை வரைந்தேன். அன்று நான் கூர்ந்து பார்க்காமல் விட்ட முனை, நினைவிலிருந்தே வரைந்தேன். கீழே, 'மறுமுனை: பெட்டியோடு வந்த கேபிள் மட்டும்' என்று எழுதி மைனியிடம் கொடுத்தேன். அவர் மேசையில் சாரின் பழைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. தாளை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதே வகைப் பவர் சப்ளை ஒன்றை இழுத்து, அதன் வாயை என் படத்தின் பக்கத்தில் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"ரெண்டாமத்தது உருண்டை மக்கா. அழிச்சிட்டுப் போடு."

ரப்பரை வாங்கி அழித்தேன். மழுங்கிய மூலையைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மைனி தாளை வாங்கி, மேசைக் கண்ணாடிக்கு அடியில், பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.